மார்கழியில் நின்றுபோன டீசல் கார்: டெல்லிக் குளிரும் மலைக் குளிரும்

திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்து டெல்லி ஆர்.கே. புரத்தில் குடியிருக்கும் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். 2021-இல் ஊரில் வாங்கிய டீசல் கார், போன மார்கழியில் இங்குள்ள முருகன் கோயிலான மலை மந்திருக்குப் புறப்படலாம் என்று விடியற்காலை ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பியபோது 'டக் டக்' என்ற ஓசையோடு நின்றுவிட்டது; அது ஏன் என்பது முதல் கேள்வி. வருகிற டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு அதே காரில் சிம்லா, மணாலிப் பக்கம் போவதற்கு என்னென்ன செய்துகொள்ள வேண்டும் என்பது இரண்டாவது. அடுத்த ஆண்டு லே நகருக்கு மாற்றல் வரக்கூடும் என்பதால் இந்த வண்டியை வைத்துக்கொள்வதா, விற்பதா என்பது மூன்றாவது. நான் டெல்லிக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நடுவில் சில குளிர்காலங்களை இமாசலத்தில் ஓர் அணைக்கட்டுப் பணியிடத்தில், வண்டிகளுக்குப் பொறுப்பாளனாகக் கழித்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். புல்லின் மேல் நிற்கும் ஈரமும் பனி, சாலையை மறைக்கும் மூட்டமும் பனி, வானிலிருந்து பஞ்சுபோல் விழுவதும் பனி, குழாய்க்குள் கல்லாய் இறுகிப்போகும் தண்ணீரும் பனி என்று நாம் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று ஊரில் சொல்லும்போது எவரும் உறைபனியை நினைத்துச் சொல்வதில்லை. காருக்கோ இவை நான்கும் நான்கு வேறு தொல்லைகள். டெல்லியில் உங்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் முதல் இரண்டு மட்டுமே. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2021 ஜனவரி 1 அன்று வெப்பநிலை 1.1 டிகிரிக்கு இறங்கியது. அதுவே பல ஆண்டுகளில் காணாத குளிர் என்று பேசப்பட்டது. அதாவது டெல்லியில் காருக்குள் எதுவும் உறைந்துபோவதில்லை. அப்படியிருந்தும் ஒவ்வொரு ஜனவரியிலும் குடியிருப்புக்குக் குடியிருப்பு வண்டிகள் நின்றுபோகின்றன என்றால், காரணத்தைக் குளிரில் மட்டும் தேடிப் பயனில்லை.

காரணம் மே, ஜூன் மாதங்களில் இருக்கிறது. ஈயமும் அமிலமும் கொண்ட கார் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் அரிப்பு ஏறத்தாழ இருமடங்காகும் என்பது இத்துறையில் உள்ளவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வெளியே 45 டிகிரி அடிக்கிற நாளில், நிறுத்திய வண்டியின் பானெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். அந்தச் சூட்டில் பேட்டரியின் தகடுகள் அரிக்கப்படுகின்றன, தண்ணீர் ஆவியாகிறது. ஆனால் கோடையில் எஞ்சினைச் சுழற்றுவதற்குக் குறைந்த விசையே போதும் என்பதால், பாதி செத்த பேட்டரியும் வேலை செய்வதுபோல் நடித்துவிடும். குளிர் வந்ததும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன: சுழியம் டிகிரிக்கு அருகில் பேட்டரி தரக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது, அதே வேளையில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டு, சுழற்றுவதற்கு வேண்டிய விசை கூடிவிடுகிறது. பெட்ரோல் எஞ்சினைவிட அழுத்தம் மிகுந்த டீசல் எஞ்சினுக்கு இந்த விசை இன்னும் அதிகம். 2021-இல் வண்டியோடு வந்த பேட்டரி திருநெல்வேலியின் கோடைகளையும் டெல்லியின் கோடையையும் கண்டு முடித்திருக்கிறது. நீங்கள் கேட்ட 'டக் டக்' ஒலி, ஸ்டார்ட்டரின் சொலினாய்டு, அதாவது அதை இயக்கும் மின்காந்தச் சுவிட்சு, இழுத்துப் பார்த்துவிட்டு விசை போதாமல் விட்டுவிடும் ஓசை. டீசல் உறைந்திருக்குமோ என்று ஐயப்பட்டிருக்கிறீர்கள். அப்படியிருந்தால் எஞ்சின் நன்றாகச் சுழலும், ஆனால் பற்றிக்கொள்ளாது. சுழலவே இல்லை என்றால் முதலில் பேட்டரியையும் அதன் முனைகளையும்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே பேட்டரியைச் சோதிக்க வேண்டிய மாதம் அக்டோபர். வண்டியை இரவு முழுதும் நிறுத்திவைத்துக் காலையில் மல்டிமீட்டரால் அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று பொருள். ஆனால் வோல்ட் அளவு மட்டும் முழு உண்மையைச் சொல்லாது. கடையில் சுமை கொடுத்துப் பார்க்கும் கருவி இருக்கிறது, அதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்குவதாயிருந்தால் அதன் மேல் சி.சி.ஏ. என்று ஓர் எண் போட்டிருக்கும். மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடிகளுக்கு 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதே அந்த எண். ஆம்பியர்-மணிக் கணக்கை மட்டும் பார்த்து மலிவானதை வாங்குவது சென்னையில் சரியாக இருக்கலாம். வடக்கே இருக்கப்போகிறவர் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சோடா உப்பு கரைத்த தண்ணீரால் கழுவி, காயவைத்து, வாஸ்லின் தடவி இறுக்கினாலே சில வண்டிகள் மறுபடி உயிர்பெற்றுவிடும். காஷ்மீரி கேட் கடைத்தெருவுக்குப் போய்ப் புதிய பேட்டரிக்குப் பேரம் பேசுவதற்கு முன் இதைச் செய்துபாருங்கள்.

அன்று காலை பக்கத்து வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்க முயன்று தீப்பொறி பறந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். வரிசை முக்கியம். சிவப்புக் கம்பியை முதலில் செத்த பேட்டரியின் நேர்முனையிலும், அடுத்து நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் மாட்ட வேண்டும். பிறகு கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் மாட்டி, அதன் மறுமுனையை உங்கள் எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஏதாவது ஓர் இரும்புப் பகுதியில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜனுக்கு அருகில் அது பறக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. காவலாளிகள் நால்வரைக் கூப்பிட்டு 'தக்கா' கொடுத்து, அதாவது வண்டியைத் தள்ளி, எழுப்புவது டெல்லியின் பழைய மரபு. கியர் போடும் வண்டிக்கு ஆபத்துக்கு உதவும், ஆட்டோமேட்டிக் வண்டிக்கு உதவாது.

டெல்லியில் டீசல் வண்டிக்கு இன்னொரு குளிர்காலத் தொல்லை உண்டு. இதை எச்சரிப்பவர்கள் குறைவு. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கப்படும், பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கு உட்பட்ட டீசல் கார்களில், புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. கரித்துகளைப் பிடித்துவைத்துக்கொண்டு, போதிய சூடு கிடைக்கும்போது அதை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வது அதன் இயல்பு. நீங்கள் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஆறு கிலோமீட்டர், அதுவும் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறீர்கள். ஜனவரிக் காலையில் அந்தத் தொலைவுக்குள் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் அலுவலகம் வந்துவிடும். இப்படியே இரண்டு மாதம் ஓட்டினால் கரி அடைந்து, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கும். பாதியில் நின்றுபோன சுத்திகரிப்புகளால் எரியாத டீசல் வழிந்து ஆயிலில் கலப்பதும் உண்டு. இதற்கு வைத்தியம் எளிது: பத்து நாளுக்கு ஒருமுறை வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய், அரை மணி நேரம் நிற்காமல் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். விளக்கு எரிந்த பிறகும் பொருட்படுத்தாமல் விட்டால், செலவு உங்கள் மாதச் சம்பளத்தோடு போட்டி போடும்.

அதற்காகக் காலையில் வீட்டு வாசலில் பதினைந்து நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுச் சூடேற்றுவது தேவையில்லாத வேலை. கார்ப்யூரேட்டர் காலத்து வண்டிகளுக்கு அது வேண்டியிருந்தது. இன்றைய வண்டியில் டீசலுக்கான ஹீட்டர் பிளக் விளக்கு, அதாவது சுருள் கம்பி போன்ற அந்தக் குறி, அணையும்வரை பொறுத்து, ஸ்டார்ட் செய்து, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஆயில் மேலேறட்டும் என்று விட்டு, முதல் சில கிலோமீட்டர்களை மெதுவாக ஓட்டினால் போதும். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினைவிட மெல்ல ஓடும் எஞ்சின் சீக்கிரம் சூடாகும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் டெல்லிக் காற்றுக்கும் அது ஓர் உபகாரம்.

கண்ணாடியில் உள்ளே ஆவி படிவதைத் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவதாக எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்துக்கொண்டேன். என் முதல் குளிர்காலமும் அப்படித்தான் கழிந்தது. தமிழ்நாட்டுக் கார்களில் அந்தச் சிவப்புப் பக்கத்துக் குமிழை ஒருவரும் திருப்பியதே இருக்காது. ஏ.சி. என்பது குளிர்விப்பதோடு காற்றிலுள்ள ஈரத்தையும் பிரித்தெடுக்கும் கருவி. ஏ.சி.யைப் போட்டு, குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பி, காற்றை முன்கண்ணாடிக்கு அனுப்பி, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்து வெளிக்காற்றை வரவிடுங்கள். ஒரு நிமிடத்தில் கண்ணாடி தெளிந்துவிடும். ஆனால் முன்னதாக ஒரு சோதனை வேண்டும். காருக்குள் வரும் சூடு எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவமான கூலன்ட்டிலிருந்து வருவது. ஊரில் ரேடியேட்டரில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றிப் பழகியிருந்தால், பயன்படுத்தாமலே கிடந்த அந்த ஹீட்டரின் மெல்லிய குழாய்கள் உப்பு படிந்து அடைபட்டிருக்கக்கூடும். அக்டோபரிலேயே போட்டுப் பாருங்கள். சூடு வரவில்லை என்றால் மலைப்பயணத்துக்கு முன் சரிசெய்தாக வேண்டும்.

மூடுபனியில் ஓட்டுவதைப் பற்றி ஒரு பத்தி. விளக்கை டிப்பரில், அதாவது தாழ்ந்த வெளிச்சத்தில், வையுங்கள். மேல்வெளிச்சம் போட்டால் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டும் வழக்கம் டெல்லியில் பரவியிருக்கிறது. அது நிற்கும் வண்டிக்கான அடையாளம், பின்னால் வருபவருக்கு நீங்கள் ஓடுகிறீர்களா, நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்பது புரியாது. யமுனா விரைவுச் சாலையில் கார்களுக்கான வேக வரம்பைக் குளிர்காலத்தில் 100-இலிருந்து 75 கிலோமீட்டராகக் குறைக்கிறார்கள். அடர்ந்த பனியில் அந்த 75-உம் அதிகம் என்பதே என் கருத்து. காலை பத்து மணிக்கு மேல் புறப்படுவதைவிடச் சிறந்த கருவி எதுவும் கிடையாது.

இனி மலைக்கு வருவோம். கல்காவைத் தாண்டி ஏறத் தொடங்கியதும், டெல்லியில் சொன்னதெல்லாம் பாதிக்குத்தான் உதவும். ஏனென்றால் அங்கே தண்ணீர் உண்மையாகவே உறைகிறது. காருக்குள் ஓடும் ஒவ்வொரு திரவத்தையும் தனித்தனியாக நினைத்துப் பார்ப்பதே இதில் நான் கற்றுக்கொண்ட முறை.

கூலன்ட்டில் தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் நான் அடிபட்டிருக்கிறேன். பணியிடத்துக்குப் போன முதல் நவம்பரில், எங்கள் பழைய ஜீப்பின் ரேடியேட்டரில் ஒழுகல் இருந்ததால் வழியெல்லாம் வெறும் தண்ணீராகவே ஊற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அன்றிரவு மைனஸ் எட்டோ ஒன்பதோ டிகிரி இருந்திருக்கும். காலையில் பார்த்தால் எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் கோர் பிளக் என்ற வட்டத் தகடு பிதுங்கி வெளியே நின்றது, அதன் பின்னால் பனிக்கட்டி. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கிறது. அந்தப் பெருக்கத்துக்கு முன்னால் வார்ப்பிரும்பும் நிற்காது. தகடு மட்டும் போனது என் நல்ல காலம், பிளாக்கே வெடித்த வண்டிகளும் உண்டு. உறையாமல் காக்கும் எத்திலீன் கிளைக்கால் பாதி, கனிமம் நீக்கிய தண்ணீர் பாதி என்று கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரையில் உறையாது. இங்கே ஒரு வேடிக்கை: அதிகம் ஊற்றினால் இன்னும் நல்லது என்று கலப்பில்லாமல் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், கலப்பில்லாத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். உங்கள் வண்டியில் இதுவரை யார் யார் எவ்வளவு தண்ணீர் சேர்த்தார்கள் என்று தெரியாது என்பதால், பழையதை முழுவதும் வடித்துவிட்டு, உற்பத்தியாளர் சொல்லும் வகையைப் புதிதாக நிரப்புவதே முறை. கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டியையும் மறக்க வேண்டாம். அதில் உறையாத திரவம் ஊற்றாவிட்டால் தொட்டியோ குழாயோ பிளக்கும்.

எஞ்சின் ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால், அதில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கிறது. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியிலும், 15டபிள்யூ என்றால் மைனஸ் 20 டிகிரியிலும் எஞ்சினைச் சுழற்ற முடிகிற அளவுக்கு இளகலாக இருக்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள். ஊரில் மெக்கானிக் 15டபிள்யூ-40 போட்டுவிட்டிருந்தால், வண்டியின் கையேடு இடங்கொடுக்கும் பட்சத்தில் 5டபிள்யூ-30க்கு மாறிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் ஆயிலைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

டீசலைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். டீசலில் மெழுகு கலந்திருக்கிறது. குளிரக் குளிர அது துகள்துகளாகப் பிரிந்து, முதலில் டீசலைக் கலங்கலாக்கி, பிறகு வடிகட்டியை அடைக்கிறது. டாங்க்கில் டீசல் தளதளவென்று இருந்தாலும் எஞ்சினுக்குப் போய்ச் சேராது. எந்த வெப்பநிலையில் வடிகட்டி அடைபடும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயத்தில் குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி, கோடை டீசலுக்கு 18 டிகிரி என்று மேல்வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைவிட நல்ல டீசல் வாய்க்கலாம். ஆனால் டெல்லியில் நிரப்பிய டீசல் மைனஸ் ஐந்து டிகிரி இரவில் ஓடும் என்று எந்தத் தரமும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. லடாக், கார்கில், காசா, கேலாங் போன்ற இடங்களில் இதனால் படும் பாட்டைப் போக்கவே, இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரையில் இறுகாத குளிர்கால டீசலை அறிமுகம் செய்தது. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாராவது அது. சிம்லா, மணாலி வரையில் போய் வருவதற்கு என் அறிவுரை இதுதான்: புறப்படும் முன் டீசல் வடிகட்டியை மாற்றி, அதில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். மெழுகு இறுகாமல் தடுக்கும் சேர்மத்தை, வண்டி நிறுவனம் அனுமதிப்பதாக இருந்தால், டீசல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே, அதாவது சமவெளியிலேயே ஊற்றிவிடுங்கள். மெழுகு பிரிந்தபின் ஊற்றிப் பயனில்லை. இரவில் வண்டியைக் காலை வெயில் முதலில் விழும் பக்கமாக, எஞ்சின் கிழக்கு நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள்.

அந்தக் காலத்து லாரிக்காரர்கள் டீசலில் மண்ணெண்ணெய் கலப்பார்கள். அதுவும் போதாதபோது டாங்க்குக்குக் கீழே தீ மூட்டுவார்கள். தீ மூட்டுவதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன், இன்றும் நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. உங்கள் பி.எஸ். 6 வண்டியில் மண்ணெண்ணெய் ஒரு லிட்டர்கூடக் கூடாது: உயர் அழுத்த பம்ப்புக்கு டீசல்தான் மசகு, அது குறைந்தால் பம்ப் தேய்ந்துபோகும். உண்மையாகவே டீசல் இறுகிவிட்டால், வெயில் ஏறும்வரை காத்திருப்பதும், வடிகட்டிக்கு வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுப்பதும்தான் வழி. பெரிய டீசல் வண்டிகளில் யூரியாக் கரைசலுக்குத் தனித் தொட்டி இருக்கும். அது மைனஸ் 11 டிகிரியில் உறையும், ஆனால் அதை இளக்க வண்டியிலேயே சூடேற்றி வைத்திருக்கிறார்கள், ஆகையால் அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

டயர்க் காற்றைப் பற்றிப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். வெப்பநிலை ஐந்தரை டிகிரி குறைந்தால் டயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. குறையும், ஆகவே அக்டோபரில் நிரப்பியதை அப்படியே விட்டால், ஜனவரிக் காலையில் டெல்லியிலேயே நான்கு பி.எஸ்.ஐ. குறைந்திருக்கும், நிரப்பிக்கொள்ளுங்கள். மலையில் இன்னும் குறையும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் காட்டும் அளவு கூடும். டெல்லியில் 25 டிகிரியில் 33 நிரப்பி, 4,000 மீட்டர் உயரத்தில் மைனஸ் 5 டிகிரியில் அளந்தால் ஏறக்குறைய 34 காட்டும். குளிர் எடுப்பதை உயரம் கொடுத்துவிடுகிறது.

காற்றைவிட ரப்பர்தான் முக்கியம். நாம் ஓட்டும் சாதாரண டயர்களின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிப் பிடிமானத்தை இழக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டுவது சட்டப்படி குற்றம். மான்ட்ரியலில் இருக்கும் என் தங்கை மகன் ஆண்டுக்கு இரண்டு முறை நான்கு டயர்களையும் மாற்றிக்கொண்டிருக்கிறான். அங்கே சாலையில் கொட்டும் உப்பால் அவனுடைய வண்டியின் அடிப்பாகம் ஐந்தாண்டில் துருப்பிடித்துப்போன கதையையும் கேட்டிருக்கிறேன். அந்த நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு டெல்லியில் இருப்பவர் துருத் தடுப்புப் பூச்சுக்கும் பனி டயருக்கும் செலவழிக்க வேண்டாம். மலைக்கு நல்ல ஆழமான பள்ளங்கள் உள்ள டயரும், ஓட்டும் சக்கரங்களுக்கு, உங்கள் வண்டியில் முன்சக்கரங்களுக்கு, அளவான பனிச் சங்கிலியும் போதும். சங்கிலியை வீட்டு வாசலில் இரண்டு முறை மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். விரல் மரத்த நிலையில் சாலையோரத்தில் முதல் பாடம் படிக்கக் கூடாது.

மணாலிக்கு அப்பால், 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை வழியே சிஸ்ஸுவுக்குப் போகும் ஆசை எல்லாருக்கும் வருகிறது. பனி விழுந்துவிட்டால் நான்கு சக்கரமும் ஓட்டும் வண்டிகளையோ சங்கிலி மாட்டியவற்றையோ மட்டும் காவல் துறை விடும். அவர்கள் திருப்பி அனுப்பினால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள், உள்ளூர் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பனியைவிட, உருகி மறுபடி உறைந்து தார்மேல் கண்ணாடிபோல் படிந்திருக்கும் பனிதான் ஆபத்து. மலையின் நிழல் விழும் வளைவுகளிலும் பாலங்களின் மேலும் அது இருக்கும். அங்கே பிரேக்கை மிதிக்காமல், முன்னதாகவே கியரைக் குறைத்து இறங்க வேண்டும்.

இரவில் நிறுத்தும்போது நம் ஊர்ப் பழக்கம் கையைத் தானாக ஹேண்ட்பிரேக்குக்குக் கொண்டுபோகும். ஈரமான பிரேக் உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், சமதளமாகப் பார்த்து நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வைப்பர்களைத் தூக்கி நிறுத்துங்கள். காலையில் கண்ணாடிப் பனியை நீக்க விடுதிக்காரர் அன்போடு கொதிநீர் கொண்டுவருவார். கண்ணாடி விரிசல் விடும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பனியில் சிக்கி வண்டிக்குள்ளேயே இரவைக் கழிக்க நேர்ந்தால், எஞ்சினையும் ஹீட்டரையும் போட்டுக்கொண்டு தூங்கிவிடக் கூடாது. புகைக்குழாயைப் பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பாகிஸ்தானின் முர்ரி மலையில் 2022 ஜனவரியில் பனியில் நின்றுபோன கார்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். குளிரும் இந்த வாயுவும் சேர்ந்து செய்த வேலை அது. குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டி, ஒரு சன்னலை விரலளவு திறந்துவைத்து, ஒருவர் விழித்திருக்க வேண்டும். டிக்கியில் நான்கு கம்பளிகள், மண்வெட்டி, தண்ணீர், கொறிக்க ஏதாவது எப்போதும் இருக்கட்டும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். லே நகரில் மைனஸ் 15 டிகிரி இரவு என்பது சாதாரணம். அங்கே டீசல் வண்டியை வைத்திருப்பவர்கள் இரவில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோவதும், எஞ்சினைக் கம்பளியால் போர்த்துவதும் உண்டு. இது வெறும் சடங்கன்று. முழுதாக மின்னேறிய பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழேதான் உறையும். மின்சாரம் தீர்ந்த பேட்டரியில் அது கிட்டத்தட்ட வெறும் தண்ணீராகிவிடுவதால் மைனஸ் 10 டிகிரியிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். குளிர்கால டீசல் அங்கே கிடைத்தாலும், ஆறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு டி.பி.எஃப். வைத்த டீசல் வண்டி டெல்லியிலேயே பொருந்தவில்லை என்கிறபோது லேயில் எப்படிப் பொருந்தும்? டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை விதித்ததும், உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை உறுதிசெய்ததும், 2025-இல் மீண்டும் ஆணைகள் பிறப்பித்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காற்று மாசு முற்றும் நாள்களில் கட்டுப்பாடு வருவது முந்தைய தரமான பி.எஸ். 4 டீசலுக்குத்தான், உங்களுடையதற்கு இல்லை. ஆயினும் டெல்லியில் பழைய டீசல் காரை வாங்க வருபவர் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார். தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

ஆகவே, மாற்றல் உறுதியானால் இந்த வண்டியை ஊருக்கு அனுப்பி அங்கேயே விற்றுவிடுங்கள். திருநெல்வேலியில் இதற்கு நல்ல விலை கிடைக்கும், மறுபதிவும் வேண்டியிராது. லேக்குப் பெட்ரோல் வண்டியாக, தரையிலிருந்து நல்ல உயரமுள்ளதாகப் பாருங்கள். பெட்ரோலில் மெழுகுத் தொல்லை கிடையாது. உயரத்தில் அதன் விசை ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பதால் டர்போ உள்ள எஞ்சின் நல்லது. மாற்றல் வராவிட்டால், அக்டோபரில் பேட்டரியையும் கூலன்ட்டையும் மாற்றிக்கொண்டு இன்னும் சில ஆண்டுகள் இதையே ஓட்டுங்கள். ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று: குளிர்கால இரவுகளில் எஞ்சின் சூட்டைத் தேடி எலிகளும், ஆர்.கே. புரத்தில் பூனைக்குட்டிகளும் பானெட்டுக்குள் வந்து படுத்துக்கொள்ளும். காலையில் சாவியைத் திருப்புமுன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஏறுங்கள்.